எலும்புப்புரைக்கு வருடம் ஒருமுறை டிரிப்ஸ்: பக்கவிளைவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு 71 வயதில் சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை டிரிப்ஸாக ஏற்றினார்கள். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். மறுநாள் இரவு 102 டிகிரி காய்ச்சல். கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியாமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்று அழுதார். ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடினோம். இது வரக்கூடும், மூன்று நாளில் போய்விடும் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

அதன்பின் உறவினர்களும் தெருவில் உள்ளவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இது எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசிதானே?

அந்தப் பெயரால்தான் பாதிக் குழப்பம். முழங்கால் வலி, கழுத்து வலி, இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் நாம் ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லிவிடுகிறோம். மூட்டில் தேய்வது குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரை வேறு. எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, கரையான் அரித்த மரம்போல் ஆகிவிடும். உடையும் நாள்வரை பெரும்பாலும் எந்த வலியும் இருக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்கிறார்கள்.

ஆகவே இந்த டிரிப்ஸ் முழங்கால் வலியைக் குறைக்காது. அதை எதிர்பார்த்துப் போட்டுக்கொண்டவர்கள் ஏமாந்துபோவார்கள். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகத்தை அடக்கி, எலும்பு உடையும் வாய்ப்பைக் குறைப்பதுதான் இதன் வேலை. அளவு 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும்.

பக்கவிளைவுகளைப் பார்க்கும் முன், இதனால் உண்மையில் என்ன நன்மை?

2007இல் வெளியான ஹொரைஸன் ஆய்வுதான் இதற்கு அடிப்படை. மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 7,700க்கும் மேற்பட்ட பெண்களை மூன்று வருடம் கவனித்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்து கலக்காத வெற்று டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் 1,000 பேருக்கு 109 பேரின் முதுகெலும்பில் புதிதாக முறிவு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் அது 33 பேர்தான். இடுப்பெலும்பு முறிவு 1,000க்கு 25இலிருந்து 14ஆகக் குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே வருவதைப் படிக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் இருக்கும் தாளில் மூன்று நாள் காய்ச்சலும் தாடை எலும்பு இறந்துபோவதும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்த வரியில் அச்சாகியிருக்கும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே எடை என்று தோன்றிவிடும். ஒன்று மூவரில் ஒருவருக்கு வந்து தானாகப் போவது. மற்றது பத்தாயிரம் பேரில் ஒருவரைத் தேட வேண்டிய அளவுக்கு அரிது.

டிரிப்ஸ் ஏற்றிய பின் காய்ச்சல் வருமா? எத்தனை நாள் இருக்கும்?

முதல் தடவை வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே ஆய்வில் முதல் டிரிப்ஸுக்குப் பிறகு மூன்று நாட்களுக்குள் காய்ச்சல், தசைவலி, தலைவலி, மூட்டுவலி, ஃப்ளூ போன்ற உடல் அசதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 100 பேரில் சுமார் 32 பேருக்கு வந்தது. வெற்று டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர்களில் 6 பேருக்கு. இரண்டாம் வருடம் மருந்துக்குப் பிறகு அது 7 பேராகவும், மூன்றாம் வருடம் 3 பேராகவும் சுருங்கிவிட்டது. முதல் வருடம் பயந்துபோய் ‘இனி வேண்டவே வேண்டாம்’ என்று நிறுத்துபவர்களுக்கு இந்த எண்களைச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு இரண்டாம் முறை லேசான உடல்வலியோடு முடிந்தது.

இது அலர்ஜி அல்ல, தொற்றும் அல்ல. மருந்து சில செல்களுக்குள் ஒரு வேதிப்பொருளைத் தேங்க வைக்கிறது. நோய் எதிர்ப்புப் படையில் உள்ள ஒரு வகை டி செல்கள் அதைக் கிருமி வந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு கிளர்ந்தெழுகின்றன. அதுதான் காய்ச்சல். முன்பே எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு இது குறைவாகவே வருகிறது.

பெரும்பாலானோருக்கு மூன்று நாளில் அடங்கிவிடும். சிலருக்கு உடல்வலி ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். டிரிப்ஸ் ஏற்றிய அன்றே மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் தொடங்கி மூன்று நாள் எடுத்துக்கொண்டால் வேகம் நன்றாகக் குறையும். அந்த வாரத்தில் கல்யாணம், பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தனியாக வசிக்கும் பெரியவர் என்றால் இரண்டு இரவாவது யாராவது உடன் தங்க வேண்டும். காய்ச்சல் தள்ளாட்டத்தில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டால், எதைத் தடுக்க இந்த மருந்தை ஏற்றினோமோ அதுவே நடந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. டிரிப்ஸ் ஏற்றி ஐந்தாறு நாள் கழித்துப் புதிதாகத் தொடங்கும் காய்ச்சலை ‘அந்த ஊசியால்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கிரியாட்டினின் இயல்பு என்றுதான் ரிப்போர்ட் சொல்கிறது. சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லையே?

இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் இதை ஏற்றக் கூடாது. ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இது செயலிழப்புவரை கொண்டுபோன நிகழ்வுகள் பதிவாகி, 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. ஆனால் அந்த வேகம் கிரியாட்டினின் எண்ணில் நேரடியாகத் தெரியாது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, கிலோவில் எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பெண்கள் என்றால் வந்த விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். 75 வயது, 48 கிலோ எடை, கிரியாட்டினின் 1.1 உள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் உடல்வாகுதான். கணக்குப் போட்டால் 33.5 வருகிறது. லேப் தாளில் அந்த 1.1க்குப் பக்கத்தில் பெரும்பாலும் எந்த எச்சரிக்கைக் குறியும் இருக்காது. ஆனாலும் அவருக்கு இந்த டிரிப்ஸ் ஏற்றக் கூடாது.

ஒவ்வொரு வருடமும் டிரிப்ஸுக்கு முன் புதிதாக ரத்தம் எடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். போன வருட ரிப்போர்ட் செல்லாது. அன்று வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர் என்றால் இரண்டு தம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டுப் போங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று உடம்பு வறண்டிருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சிறுநீர் பிரிய உதவும் மாத்திரைகளும் சிறுநீரகத்தின் சுமையைக் கூட்டும் என்பதால், எதையெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கூட்டமாக இருக்கிறது என்று டிரிப்ஸின் வேகத்தைக் கூட்ட முயன்றால், தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வைட்டமின் டி குறைவாக இருக்கிறது. முதலில் டிரிப்ஸா, முதலில் வைட்டமினா?

முதலில் வைட்டமின் டி. இதில் வரிசை மாறக் கூடாது. எலும்பு கரைவதை மருந்து திடீரென்று நிறுத்தும்போது, ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த கால்சியமும் நின்றுவிடும். வைட்டமின் டி போதுமான அளவில் இல்லையென்றால் உணவிலிருந்து கால்சியத்தை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப உடம்பால் முடியாது. ரத்தக் கால்சியம் சரிந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, கடுமையானால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று போகலாம். பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் தெரியும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. வெயில் இருந்தாலும் உடம்பில் படுவதில்லை. சில வாரங்கள், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் கொடுத்து அளவை ஏற்றிய பின்பே டிரிப்ஸ் ஏற்றுவது வழக்கம். தைராய்டு அல்லது பாராதைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கேழ்வரகு, மோர், நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரைக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தாடை எலும்பு அழுகிவிடும் என்கிறார்களே?

அதிகம் பயமுறுத்தும் பக்கவிளைவு இதுதான். பல் பிடுங்கிய இடம் ஆறாமல், ஈறு திறந்து, எலும்பு வெளியே தெரிந்துகொண்டு எட்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருப்பது. 2003இல்தான் இது முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. அப்போது பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள்.

அதைக் கவனிக்க வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே மருந்து 4 மில்லிகிராம் வீதம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும்; வருடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிடும். எலும்புப்புரைக்கு வருடத்துக்கு மொத்தமே 5. இந்த அளவில் தாடைப் பிரச்சினை வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் ஒரு லட்சம் பேரில் ஒருவர்வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஹொரைஸன் ஆய்வின் மூன்று வருடத்தில் மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கு, வெற்று டிரிப்ஸ் பெற்றவர்களிலும் ஒருவருக்கு. பக்கத்து வீட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரின் தாடைக்கு நடந்ததை வைத்து உங்கள் அம்மாவின் டிரிப்ஸை முடிவு செய்யாதீர்கள்.

அரிது என்றாலும் வாயைக் கவனிக்காமல் போகக் கூடாது. ஆடும் பல், சொத்தை, சீழ் எல்லாவற்றையும் டிரிப்ஸுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, புண் முழுதாக ஆறிய பிறகு டிரிப்ஸ். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை, புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கம், உரசும் பல்செட் இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். பல் சுத்தம் செய்வது, அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாம் டிரிப்ஸுக்குப் பின்னும் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

டிரிப்ஸ் ஏற்றிய பின் பல் வலித்தால்? போங்கள், மருந்து ஏற்றிய தேதியைச் சொல்லுங்கள். ஒரு மாதம் பொறுத்தால் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும் என்று காத்திருப்பதில் பயனில்லை, அது எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். சீழ் பிடித்த பல்லை பயத்தால் அப்படியே வைத்திருப்பதுதான் தாடைக்குப் பெரிய கேடு.

எலும்பு உடையாமல் இருக்கப் போடும் மருந்தே தொடை எலும்பை உடைக்குமா?

உடைக்கலாம், அரிதாக. இதில் நம்மவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்கக் காரணம் இருக்கிறது.

எலும்பு தன்னைத் தானே கரைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் புதுப்பிப்பைப் பல வருடம் அடக்கிவைத்தால், தினமும் நடப்பதால் ஏற்படும் நுண்ணிய விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேரும். கடைசியில் தொடை எலும்பின் நடுத்தண்டு, கீழே விழாமலே, நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்காக முறியலாம். இடுப்பெலும்பு முறிவிலிருந்து இது வேறுபட்டது.

2020இல் தெற்குக் கலிபோர்னியாவில் சுமார் 1,96,000 பெண்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர், அலெண்ட்ரோனேட் போன்ற, இதே மருந்துக் குடும்பத்து மாத்திரை சாப்பிட்டவர்கள். வெள்ளையினப் பெண்கள் 10,000 பேர் மூன்று வருடம் மருந்து எடுத்தால் 149 இடுப்பெலும்பு முறிவுகள் தடுக்கப்படும், 2 பேருக்கு இந்தத் தொடை முறிவு வரும் என்று கணக்கிட்டார்கள். ஆசியப் பெண்களுக்கு அதே கணக்கில் தடுக்கப்படுவது 91, வருவது 8. ‘ஆசியர்’ என்பது மிகப் பரந்த சொல். அந்த எட்டை அப்படியே தமிழ்ப் பெண்ணுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மூன்று வருடக் கணக்கில் ஆசியருக்கும் நன்மைத் தட்டுதான் மிகக் கனமாக இருக்கிறது. வருடங்கள் கூடக் கூட ஆபத்து ஏறுகிறது. மருந்தை நிறுத்தினால் சீக்கிரமே இறங்குகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

இந்த முறிவு பெரும்பாலும் முன்னறிவிப்போடு வருகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தொடையிலோ தொடை இடுக்கிலோ மந்தமான வலி. நம் வீட்டுப் பெண்கள் அதை வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு சமையலறையில் நிற்பார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். இந்த மருந்து எடுத்தவருக்குத் தொடை வலி வந்தால், இரண்டு தொடைகளுக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் விரிசல் இருந்தால் மறுபக்கமும் இருக்க வாய்ப்புண்டு. விரிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் எலும்பு முழுதாக முறிவதற்கு முன் காப்பாற்ற வழி இருக்கிறது.

இதயம், கண் பற்றியும் ஏதோ சொல்கிறார்களே?

ஹொரைஸன் ஆய்வில் தீவிரமான ஒழுங்கற்ற இதயத் துடிப்பு 100க்கு 1.3 பேருக்கு வந்தது. வெற்று டிரிப்ஸில் 0.5. இடுப்பு முறிந்தவர்களிடம் நடத்திய அடுத்த ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே அந்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் ‘மெட்ராஸ் ஐ’ என்று மருந்துக்கடையில் சொட்டு வாங்கிப் போடாதீர்கள். அரிதாகக் கண்ணுக்குள்ளே அழற்சி வரலாம். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையே சாப்பிட்டால் போதாதா?

பலருக்குப் போதும். வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், உணவுக்குழாய்க் கோளாறு உள்ளவர்கள், மாத்திரையை மறந்துவிடுபவர்கள் இவர்களுக்கு டிரிப்ஸ் பொருந்தும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வாரம் நிறுத்திவிடலாம் என்ற வசதி இருக்கிறது. ஏற்றிவிட்ட டிரிப்ஸைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசியில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்கிறார்களே?

அது டெனோசுமாப், 60 மில்லிகிராம். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் வராது என்பதும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்க முடியும் என்பதும் உண்மை. ஆனால் டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கால்சியம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம் என்று 2024இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள். தாடை, தொடை பற்றிச் சொன்னவை இதற்கும் பொருந்தும்.

எனக்கு அதில் உள்ள பெரிய கவலை வேறு. சோலெட்ரானிக் ஆசிட் எலும்பில் தங்கியிருப்பதால் அடுத்த டிரிப்ஸ் சில மாதம் தள்ளிப்போனாலும் பாதகமில்லை. டெனோசுமாபைத் தள்ளிப்போட்டாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, அடக்கிவைத்த கரைதல் வெள்ளம்போல் திரும்பும்; முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கியவர்கள் உண்டு. பிள்ளைகள் வெளியூரில், பணம் கையில் இருக்கும்போது மருத்துவம் என்று வாழும் குடும்பம் என்றால், ஆறு மாதத் தவணையைத் தவறாமல் கட்டிக்காக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

மாமியாருக்கு 80 வயது, விழுந்து இடுப்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. இந்த வயதில் இது தேவையா?

இந்த நிலையில்தான் மிகவும் தேவை. இடுப்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 2,127 பேரிடம், 90 நாட்களுக்குள் டிரிப்ஸ் தொடங்கி நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. இறப்பும் குறைந்தது: வெற்று டிரிப்ஸில் 100க்கு 13.3, மருந்தில் 9.6. சிறுநீரகக் கணக்கும் வைட்டமின் டியும் சரியாக இருந்தால், வயதைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள். இடுப்புக்குக் கம்பி வைத்து அனுப்பிவிட்டு எலும்புப்புரைக்கு எதுவும் எழுதிக் கொடுக்காத சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களாகவே கேளுங்கள்.

58 வயதில், எந்த முறிவும் இல்லாமல், டி ஸ்கோர் எல்லையில் நிற்கும் ஒருவருடைய கணக்கு வேறு. அவருக்கு யோசிக்கவும், வேறு மருத்துவரிடம் கேட்கவும், மாத்திரையை முயன்று பார்க்கவும் நேரம் இருக்கிறது.

எத்தனை வருடம் ஏற்ற வேண்டும்?

பொதுவாக மூன்று டிரிப்ஸ் முடிந்ததும் நிறுத்தி, மறுபடி எடைபோட வேண்டும். முறிவு எதுவும் இல்லாமல் எலும்பு நிலையாக இருந்தால் இடைவெளி விடலாம். ஆபத்து அதிகமாக உள்ளவர்களுக்கு ஆறு வருடம்வரை நீட்டுவதுண்டு. நான்காம் வருடமும் பழக்கத்தால் போய்ப் படுத்துக்கொள்வதுதான் தவறு.

டிரிப்ஸ் ஏற்றிய பின் எதை எழுதிவைக்க வேண்டும்?

மருந்தின் பெயர், அளவு, ஏற்றிய தேதி, இது எத்தனையாவது தடவை, அன்றைய கிரியாட்டினின், எடை, வைட்டமின் டி அளவு. பல கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் விற்பதால் சோலெட்ரானிக் ஆசிட் என்ற மூலப்பெயரையும் எழுதுங்கள். அம்மாவின் கோப்பில் இதை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே சிவப்பு மையில் மூன்று வரி: பல் மருத்துவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. தொடை வலித்தால் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே. கண் சிவந்தால் அன்றே போ.